ஆங்கிலத் தொடரில் தலைச்சொல் பிடிபடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

“தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி” என்று எழுதுகிறவருக்கு ஒருமை பன்மை விதி தெரியாமல் இல்லை. அந்த விதியை எந்தச் சொல்லைப் பார்த்துப் போடுவது என்பதில்தான் இடறல். கனமாக இருப்பது பெட்டி. ஆகவே “இஸ்” வரவேண்டும். ஆனால் வினைச்சொல்லுக்கு ஒட்டினாற்போல் நிற்பது “மேங்கோஸ்”. கண் அதன்மேல் விழுந்துவிடுகிறது.

ஒரு தொடர் என்ன வகைத் தொடர் என்பதை முடிவு செய்வது எந்தச் சொல்லோ, மற்றச் சொற்களெல்லாம் எதைச் சார்ந்து நிற்கின்றனவோ, அதுவே தலைச்சொல். பாடநூல்களில் “ஹெட் வேர்டு”. தலை பெயர்ச்சொல் என்றால் முழுவதும் பெயர்த்தொடர். தலை பெயரடை என்றால் பெயரடைத் தொடர்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மாம்பழப் பெட்டி, நேற்று வாங்கிய மாம்பழப் பெட்டி, எதிர்வீட்டுக்காரர் நேற்று வாங்கிய மாம்பழப் பெட்டி: எவ்வளவு நீட்டினாலும் தமிழில் பெட்டி கடைசியில்தான் நிற்கும். ஆங்கிலமோ அடைமொழிகளில் சிலவற்றைத் தலைக்கு முன்னும் சிலவற்றைப் பின்னும் வைக்கும். “தி ஹெவி வுடன் பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் தட் அவர் நெய்பர் பாட்” என்பதில் பெட்டி நட்டநடுவில் இருக்கிறது. கடைசிப் பெயரைத் தேடும் பழக்கத்தோடு போனால் “நெய்பர்” வரை போய்விடுவோம். கீழே வரும் பிழைகளில் பல இந்தப் பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது

எந்தப் பிழையாக இருந்தாலும் பெயர்த்தொடரை இந்த வரிசையில் சோதியுங்கள். வரிசை முக்கியம்.

1. தொடரின் எல்லையைக் குறியுங்கள். “இட்” அல்லது “தே” போட்டால் எத்தனை சொற்கள் ஒன்றாக மறைகின்றனவோ அதுவரை ஒரே தொடர். “தி ஓல்டு பிரிட்ஜ் நியர் தி டெம்பிள் வாஸ் ரிப்பேர்ட்” என்பது “இட் வாஸ் ரிப்பேர்ட்” ஆகிறது. ஆகவே “டெம்பிள்” வரை எல்லாம் ஒரே தொடர்தான்.

2. தொடருக்குள் உடைமை காட்டும் அபாஸ்ட்ரஃபி எஸ் இருக்கிறதா பாருங்கள். தொடரின் தொடக்கத்திலிருந்து அந்தக் குறிவரை உள்ளது முழுவதும் உடையவரைக் குறித்தால், அது அடைமொழி. அடித்துவிடுங்கள்.

3. இடமிருந்து வலமாக வாருங்கள். ஒரு பெயரையாவது கடந்த பிறகு முதலில் எதிர்ப்படும் முன்னிடைச்சொல் (“ஆஃப்”, “இன்”, “நியர்” போன்றவை), அல்லது “ஹூ, விச், தட்”, அல்லது “வெயிட்டிங்”, “சென்ட்” போன்ற பார்டிசிபிள் வடிவம், அல்லது “டு” சேர்ந்த வினை, அல்லது காற்புள்ளி: அங்கே வெட்டுங்கள். வலப்பக்கம் முழுவதும் தள்ளுபடி. கோடு போட்டு இணைத்த சொற்களை ஒரே சொல்லாக எண்ண வேண்டும். “எ ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட் லேப்” என்பதில் உள்ள “ஆஃப்” வெட்டும் இடமல்ல.

4. மிஞ்சியதில் கடைசிப் பெயரே தலை.

5. உறுதி செய்ய, அந்தப் பெயரின் எண்ணை மாற்றிப் பாருங்கள். வினைச்சொல்லும் கூடவே மாறியாக வேண்டும் என்றால் பிடித்தது சரி.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்: “த்ரீ நியூ காலேஜ் லைப்ரரி கம்ப்யூட்டர்ஸ் டொனேட்டட் பை அன் ஓல்டு ஸ்டூடன்ட்”. உடைமைக் குறி இல்லை. “டொனேட்டட்” என்ற இடத்தில் வெட்டு. மிஞ்சியதில் கடைசிப் பெயர் “கம்ப்யூட்டர்ஸ்”. வினை “ஆர்”. அதே சொல் “தி டொனேட்டட் கம்ப்யூட்டர்ஸ்” என்று முன்னால் வந்தால் வெட்டக்கூடாது, ஏனென்றால் அதுவரை ஒரு பெயரைக்கூட நாம் கடக்கவில்லை.

அறிகுறி: விதிப்படி எழுதியும் “இஸ்”, “ஆர்” தவறு என்று திருத்தி வருகிறது

பக்கத்துப் பெயர் வினைச்சொல்லை இழுத்துவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கும் இது நேர்கிறது. 1991இல் மொழி உளவியல் ஆய்வாளர்கள் கேத்ரின் பாக், கேரல் மில்லர் இருவரும் வெளியிட்ட சோதனைகள் இதை விரிவாகக் காட்டின. தலை ஒருமையாகவும் பக்கத்துப் பெயர் பன்மையாகவும் இருக்கும்போதுதான் பிழை அதிகம்; தலைகீழாக இருந்தால் மிகக் குறைவு. எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. “ஆஃப்”க்குப் பின் பன்மைப் பெயர் வருகிற வாக்கியங்களை மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

“அலாங் வித்”, “ஆஸ் வெல் ஆஸ்”, “டுகெதர் வித்” மூன்றும் இதே வகை. “தி கேப்டன், அலாங் வித் தி பிளேயர்ஸ், இஸ் வெயிட்டிங்” என்பதில் காற்புள்ளியில் வெட்டினால் “கேப்டன்” மட்டும் மிஞ்சும். “அண்ட்” அப்படியல்ல. “தி கேப்டன் அண்ட் தி கோச்” என்பதில் இரண்டும் சமம். தனித் தலை என்று ஒன்று கிடையாது, வினை பன்மை. ஒரே ஆளைக் குறித்தால் மட்டும், “மை ஃப்ரெண்ட் அண்ட் கைடு இஸ்” என்பதுபோல், ஒருமை வரும். இரண்டாவது பெயருக்கு முன் “தி”யோ “மை”யோ மறுபடி வராமல் இருப்பது அதற்கு ஓர் அடையாளம்.

அறிகுறி: வெட்டிய பிறகு “லாட்”, “நம்பர்”, “ஹாஃப்” போன்ற சொல் மட்டும் நிற்கிறது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். போட்டித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் இந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் உண்டு: வெட்டும் விதி இங்கே தலையைச் சரியாகவே காட்டும், ஆனால் வினைச்சொல் அந்தத் தலையைக் கேட்காது.

“எ லாட் ஆஃப் வாட்டர் இஸ் வேஸ்டட்”, “எ லாட் ஆஃப் ட்ரீஸ் ஆர் டையிங்”. இரண்டிலும் இலக்கணப்படி தலை “லாட்”. ஆனால் அந்தச் சொல் கண்ணாடி மாதிரி. வினைச்சொல் அதை ஊடுருவி “வாட்டர்”, “ட்ரீஸ்” என்பவற்றின் எண்ணைப் பார்க்கிறது. “ஹாஃப்”, “ரெஸ்ட்”, “பிளென்டி”, “மெஜாரிட்டி”, “டூ தேர்ட்ஸ்”, “டென் பர்சென்ட்” எல்லாம் இந்தக் கூட்டம். “ஹாஃப் ஆஃப் தி மணி இஸ் கான்”, “ஹாஃப் ஆஃப் தி காயின்ஸ் ஆர் ஃபேக்”.

“நம்பர்” இரண்டு வேடம் போடும். “எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்” என்றால் வராதவர்கள் மாணவர்கள். “எ நம்பர் ஆஃப்” என்பதற்குப் பல என்ற பொருள் மட்டுமே, வினை பன்மை. “தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஃபாலிங்” என்றால் குறைவது எண்ணிக்கை, வினை ஒருமை. “எ”யா “தி”யா என்று மனப்பாடம் செய்வதைவிட, வினைச்சொல்லிடம் “எது? யார்?” என்று கேட்பது நல்லது. எது குறைகிறது? எண்ணிக்கை. யார் வரவில்லை? மாணவர்கள். தவறு செய்ய வழியே இல்லை.

இந்தக் கூட்டத்தோடு சேர்க்கக் கூடாதவை “ஒன்”, “ஈச்”, “எவ்ரி ஒன்”. “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்”, “ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹாஸ்”. இவற்றில் தலையின் ஒருமை அப்படியே வினைக்குப் போகும். “ஒன் ஆஃப்” என்பதற்குப் பின் வரும் பெயர் பன்மையாகவே இருக்க வேண்டும் என்பதையும் கூடவே பாருங்கள். “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ்” என்ற பிழை, தமிழில் “என் நண்பர்களில் ஒருவர்” என்று சரியாகச் சொல்கிறவர்கள் கையாலும் எழுதப்படுகிறது. “நன் ஆஃப்” மட்டும் இரண்டுக்கும் இடம் தரும்.

“கைண்ட்”, “டைப்”, “சார்ட்” வரும்போது முன்னால் நிற்கும் சுட்டுச்சொல்லும் தலையோடு ஒத்துப்போக வேண்டும்: “திஸ் கைண்ட் ஆஃப் புக் இஸ்”, “தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் புக்ஸ் ஆர்”. “தீஸ் கைண்ட் ஆஃப் புக்ஸ்” என்று பேச்சில் நிறையக் கேட்கும்; எழுத்தில் தவிருங்கள்.

அறிகுறி: பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, எது தலை என்று தெரியவில்லை

இங்கே தமிழ்ப் பழக்கம் கைகொடுக்கும். முன்னிடைச்சொல் இல்லாமல் பெயர்கள் அடுத்தடுத்து நின்றால் ஆங்கிலத்திலும் கடைசிப் பெயரே தலை. “மில்க் சாக்லேட்” ஒரு வகைச் சாக்லேட். “சாக்லேட் மில்க்” ஒரு வகைப் பால். “இது ஒரு வகை எது?” என்று கேட்டு வரும் விடைதான் தலை.

முன்னால் நிற்கும் பெயர் பொதுவாக ஒருமை வடிவில் இருக்கும்: “ஷூ ஷாப்”, “எ டென்-இயர்-ஓல்டு பாய்”. “இயர்ஸ்” என்று எழுதினால் பிழை. “ஸ்போர்ட்ஸ் டே”, “சேல்ஸ் மேனேஜர்” போன்ற விலக்குகள் உண்டு. அந்த “எஸ்” வினைச்சொல்லைத் தொடாது: “தி சேல்ஸ் மேனேஜர் இஸ்”.

அறிகுறி: பன்மைக் குறியை எங்கே ஒட்டுவது என்று குழப்பம்

பன்மை தலையில்தான் ஏறும். “மதர்-இன்-லா” என்பதில் தலை “மதர்”, ஆகவே “மதர்ஸ்-இன்-லா”. அதேபோல் “பாஸர்ஸ்-பை”. “அட்டர்னி ஜெனரல்”, “கோர்ட் மார்ஷல்” போன்ற சட்டச் சொற்கள் பிரெஞ்சு வழக்கப்படி பெயரடையைப் பின்னால் வைத்தவை. அங்கே “ஜெனரல்” பெயரடை, தலை “அட்டர்னி”. பன்மை “அட்டர்னீஸ் ஜெனரல்”. ஆனால் “மேஜர் ஜெனரல்” ஒரு ராணுவப் பதவி, அதில் “ஜெனரல்” பெயர்ச்சொல். பன்மை “மேஜர் ஜெனரல்ஸ்”. ஒரே சொல் ஒரு தொடரில் தலை, இன்னொன்றில் அடை. உருவத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெயரடை பின்னால் வரும் இன்னொரு இடம் “சம்திங் யூஸ்ஃபுல்”, “நத்திங் நியூ”. தலை “சம்திங்”, “நத்திங்”.

அறிகுறி: “ஆஃப்”இல் வெட்டினேன், பொருளே மாறிவிட்டது

உடைமைக் குறியைப் பார்க்காமல் மூன்றாம் படிக்குத் தாவியிருப்பீர்கள். “தி மினிஸ்டர் ஆஃப் ஹெல்த்’ஸ் ஸ்பீச் வாஸ் ஷார்ட்” என்பதில் “ஆஃப்”இல் வெட்டினால் “மினிஸ்டர்” கிடைக்கும். குட்டையானவர் அமைச்சர் என்றாகிவிடும். ஆங்கில உடைமைக் குறி தனிச்சொல்லில் ஒட்டுவதில்லை, முழுத்தொடரின் கடைசியில் ஒட்டும். அது “ஹெல்த்” மேல் உட்கார்ந்திருந்தாலும் உடையவர் அமைச்சர்தான். குறிவரை அடித்துவிட்டால் “ஸ்பீச்” மிஞ்சும். அதுவே தலை.

அறிகுறி: “இங்”இல் முடியும் சொல் முன்னால் வந்தால் ஒருமையா பன்மையா தெரியவில்லை

“வாஷிங் மெஷின்ஸ் ஆர் காஸ்ட்லி”: விலை அதிகமானவை இயந்திரங்கள், தலை “மெஷின்ஸ்”. “வாஷிங் மெஷின்ஸ் இஸ் ஹார்டு வொர்க்”: கடினமானது இயந்திரங்களைக் கழுவும் வேலை, தலை “வாஷிங்”. எழுத்தில் வேறுபாடு காட்டுவது வினைச்சொல் ஒன்றுதான். “கேன்”, “வில்” போன்ற எண் காட்டாத துணைவினை வந்தால் அதுவும் போய்விடும். அப்போது வாக்கியத்தை மாற்றி எழுதுவதே நல்லது. “இங்” சொல்லுக்கும் பெயருக்கும் நடுவில் “தி” நுழைய இடம் இருந்தால் “இங்” சொல்தான் தலை: “வாஷிங் தி மெஷின்ஸ் இஸ் ஹார்டு வொர்க்”.

அறிகுறி: “ஹூ”வுக்குப் பின் வரும் வினை ஒருமையா, பன்மையா?

“ஹூ” எந்தப் பெயரைக் குறிக்கிறதோ அதன் எண்தான் பின்வரும் வினைக்கு. அது முழுத்தொடரின் தலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. “ஷீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ நெவர் ஷவுட்” என்பதில் ஒருபோதும் கத்தாத ஆசிரியர்கள் என்றொரு கூட்டம் இருக்கிறது, அவர் அதில் ஒருவர். “ஹூ” குறிப்பது “டீச்சர்ஸ்”, வினை “ஷவுட்”. “ஷீ இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ் ஹூ ஷவுட்ஸ்” என்பதில் கத்துகிறவர் அவர் ஒருவரே. “ஹூ” குறிப்பது “ஒன்”, வினை “ஷவுட்ஸ்”. முதல் வகையிலும் ஒருமை வினை போடும் ஆங்கில எழுத்தாளர்கள் உண்டு. தேர்வுத்தாளில் பன்மையே எதிர்பார்க்கப்படும்.

அறிகுறி: வெட்டிப் பார்த்தால் பெயர்ச்சொல்லே இல்லை

“தி புவர் ஆர் சஃபரிங்”. “புவர்” பெயரடைதான், ஆனால் தலையின் இடத்தில் அதுவே உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களைக் குறித்தால் பன்மை, “தி இம்பாசிபிள் ஹாஸ் ஹேப்பன்ட்” என்பதுபோல் கருத்தைக் குறித்தால் ஒருமை. “தி புவர்ஸ்” என்று எழுதக்கூடாது.

அறிகுறி: தலையைச் சரியாகப் பிடித்தும் எண் பொருந்தவில்லை

இது தலைச்சொல் சிக்கல் அல்ல, அந்தந்தச் சொல்லின் இயல்பு. “நியூஸ்”, “மேதமேடிக்ஸ்” பன்மைபோல் ஒலித்தாலும் ஒருமை. “போலீஸ்” பன்மை. தொகை, தூரம், காலம் ஒரே அளவாக எண்ணப்பட்டால் ஒருமை: “ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் எனஃப்”. “மோர் தன் ஒன் ஸ்டூடன்ட் இஸ்” என்பதில் பொருள் பன்மை, வினை ஒருமை.

அறிகுறி: பெயர்த்தொடர் அல்லாத தொடரில் பெயரையே தலை என்று எழுதி மதிப்பெண் போகிறது

“இன் தி ஓல்டு ஹவுஸ்” என்பதன் தலை “ஹவுஸ்” அல்ல, “இன்”. “ஹவுஸ்” அதற்குள் இருக்கும் இன்னொரு தொடரின் தலை. “த்ரீ ஃபீட் பிலோ தி சர்ஃபேஸ்” என்பதில் “பிலோ”, “ஜஸ்ட் ஆஃப்டர் லஞ்ச்” என்பதில் “ஆஃப்டர்”. ஏன் பொருள் கனமான பெயரை விட்டு இந்தச் சின்னச் சொல்லை எடுக்க வேண்டும்? “ஷீ புட் இட் இன் தி பாக்ஸ்” என்பதில் “இன் தி பாக்ஸ்” இருக்கும் இடத்தில் “தி பாக்ஸ்” மட்டும் நிற்க முடியாது. எந்த இடத்தில் வரலாம் என்ற உரிமையைத் தொடருக்குத் தருவது “இன்”. தமிழில் “பெட்டியில்” என்று உருபாக ஒட்டிவிடுவதால், அதைத் தனித் தலையாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

பெயரடைத் தொடரில் “வெரி ஃபாண்ட் ஆஃப் மியூசிக்” என்றால் “ஃபாண்ட்”. “டென் இயர்ஸ் ஓல்டு” என்றால் “ஓல்டு”. “டூ டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்” என்பதில் “டிஃபிகல்ட்”. வினையடைத் தொடரிலும் இதே வேலைதான்: “வெரி குவிக்லி இன்டீட்” என்பதில் “குவிக்லி”.

வினைத்தொடரில் இரண்டு கேள்விகளைக் கலக்காதீர்கள். “ஹாஸ் பீன் ரைட்டிங் லெட்டர்ஸ்” என்பதில் பள்ளி இலக்கணப்படி தலை “ரைட்டிங்”. ஆனால் எழுவாயோடு ஒத்துப்போகும் எண் ஏறுவது முதல் துணைவினையில், அதாவது “ஹாஸ்” மேல். தலையைத் திருத்தச் சொன்னால் “ரைட்டிங்”, எண்ணைத் திருத்தச் சொன்னால் “ஹாஸ்”.

அறிகுறி: இரண்டு புத்தகங்கள், இரண்டு விடைகள்

இரண்டும் சரியாக இருக்கலாம். அடிப்படைக் கொள்கை வேறு. “தி புக்” என்பதில் பள்ளி இலக்கணம் “புக்” என்னும். மொழியியலாளர் ஸ்டீவன் ஆப்னி 1987இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டுக்குப் பிறகு மொழியியலில் ஒரு பெரும்பிரிவு “தி” என்பதையே தலையாக வைத்து, முழுவதையும் டிடெர்மினர் தொடர் என்கிறது (“தி”, “எ”, “திஸ்” போன்றவை டிடெர்மினர்கள்). “தட் ஃபூல் ஆஃப் எ டிரைவர்” என்பதில் வெட்டும் விதி “ஃபூல்” என்று காட்டும். பேசப்படுவது “டிரைவர்” என்பதால் அதையே தலை என்பாரும் உண்டு. தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடநூலின் வழியையே பிடித்துக்கொள்ளுங்கள்: பெயர்த்தொடரில் பெயர், வினைத்தொடரில் முதன்மை வினை.

கணினியில் வாக்கியம் பகுக்கிறவர்களுக்கும் இதே தலைவலி வரும். யுனிவர்சல் டிபென்டன்சீஸ் என்பது எந்தச் சொல் எதைச் சார்ந்தது என்று பல மொழிகளுக்கும் ஒரே மாதிரி குறியிடும் முறை. அது பொருள் தரும் சொல்லையே தலையாக வைக்கும். அதைப் பின்பற்றும் ஸ்டான்ஸா என்ற வாக்கியம் பகுக்கும் மென்பொருளில் “இன் தி ஹவுஸ்” போட்டால் “ஹவுஸ்” தலை, “இன்” அதைச் சார்ந்தது. “தி பாக்ஸ் இஸ் ஹெவி” என்பதில் வாக்கியத்தின் வேர், அதாவது வேறெதையும் சாராத சொல், “ஹெவி”. ஸ்பேசி என்ற இன்னொரு மென்பொருளின் ஆங்கில மாதிரிகளில் இதற்கு நேர்மாறு: “இன்” தலை, வேர் “இஸ்”. மேலும் பெயர்த்தொடர்களைத் துண்டுகளாக எடுத்துத் தரும் ஸ்பேசியின் நவுன் சங்க்ஸ் வசதி பின்வரும் “ஆஃப்” பகுதியைச் சேர்ப்பதில்லை. “தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்” என்பதை “தி பாக்ஸ்”, “மேங்கோஸ்” என்று இரண்டு துண்டாகத் தரும். முழுத்தொடர் வேண்டுமென்றால் தலைச்சொல்லை எடுத்து, அதைச் சார்ந்த கிளை முழுவதையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு கருவிகளின் விடைகளை ஒப்பிடும் முன், எது எந்த முறையில் குறியிடுகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முறை வேறுபாட்டையெல்லாம் பிழை என்று எண்ணிவிடுவீர்கள்.